நெவிலுக்கு மட்டும் தெரிந்த எண்

'எனக்குத் தெரியாது. அவ்வளவுதானே? இரண்டே வார்த்தை. இதைச் சொல்ல ஏன் இத்தனை ஒத்திகை?'

லினெட் தட்டில், டீக்குச் சுட்ட ஸ்கோன் பன்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அதற்குப் பால் வாங்கக் காலையில் ஊருக்குள் போனவள், அப்படியே காருக்குப் பெட்ரோலும் நிரப்பிக்கொண்டு வந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே போலீஸ் வண்டி வந்து நின்றது. துப்பாக்கி இருக்கும் வீடுகளில் பூட்டைச் சோதிக்க வருகிறவர்கள்; நேற்றே போன் செய்து சொல்லியிருந்தார்கள்.

"என்ன சொல்லணும்?" என்றான் அவள் கணவன் நெவில், பின்னாலிருந்து. காலையிலிருந்து நாலாவது தடவை.

"நம்பர் தெரியாதுன்னு சொல்லணும்."

"அவ்வளவுதான். வேற எதுவும் உளறாதே. டீயைக் குடுத்துட்டு ஓரமா நில்லு."

தலையாட்டினாள். முப்பது வருஷமாக ஆட்டிப் பழகிய தலை.

துப்பாக்கி ஏழாகிவிட்டது, பழைய தகர பீரோ இனிமேல் செல்லாது என்று போன முறை வந்தவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதனால்தான் போன மாதம் ஹார்ஷம் டவுனில் இருக்கும் துப்பாக்கிக் கடையில் இந்தப் புதுப் பெட்டகத்தை வாங்கினான் நெவில். ஆறு மில்லிமீட்டர் இரும்பு, துளைபோட வந்தால் துரப்பணத்தின் முனையையே உடைத்துவிடும் தகடு, கான்கிரீட் தரையில் இறங்கும் நாலு போல்ட்டு.

"சாவியா, நம்பரா?" என்று கேட்டார் கடைக்காரர். "சாவின்னா எங்க ஒளிச்சு வெச்சாலும் வீட்டுல யார் கண்ணுலயாவது படும். நம்பர்னா உங்க தலைக்குள்ளயே இருக்கும்."

"அப்ப நம்பரே குடுங்க. என் தலையை எவனும் திறக்க முடியாது."

"லைசென்ஸ் இல்லாத யாருக்கும் அது தெரியக்கூடாது சார். உங்க சம்சாரமா இருந்தாலும் சரி. தெரியும்னு போலீசுக்குத் தெரிஞ்சா, அன்னிக்கே அத்தனையையும் வண்டியில ஏத்திட்டுப் போயிடுவாங்க. லைசென்ஸும் போயிடும். அப்புறம், கல்யாண நாளை நம்பரா வெச்சுடாதீங்க. பாதிப்பேர் அதைத்தான் வெக்கறாங்க."

"அது என்னிக்குன்னே எனக்கு ஞாபகமில்ல."

கடைக்காரர் சிரித்தார். லினெட்டும் சிரித்தாள், சிரிக்காவிட்டால் வீடு வரும்வரை அதற்குக் காரணம் சொல்லவேண்டியிருக்கும். என்ன நிறம் வேண்டும் என்று மட்டும் அவளைக் கேட்டார்கள். பச்சை என்றாள். நெவில் கறுப்பு வாங்கினான்.

நெவில் அவளை ஒருநாளும் அடித்ததில்லை. துப்பாக்கியை அவள் பக்கம் திருப்பியதுகூட இல்லை. ஜீலாங் நகரத்தில் இருக்கும் தங்கையோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று அவள் சொல்கிற நாட்களில் மட்டும், சாப்பாட்டு மேஜைமேல் துணியை விரித்து, துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து எண்ணெய் போட்டுத் துடைப்பான். ஒரு வார்த்தை பேசமாட்டான். ஏழாவதைத் துடைத்து முடிப்பதற்குள் அவள் பயணம் தானாகவே நின்றுபோயிருக்கும்.

புதுப் பெட்டகம் வந்தபின், அதே விரலால் எண்களை அழுத்தித் திறந்து, எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டுவான். பொத்தான்களில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கை மறுநாள் துடைப்பது அவள் வேலை.

வந்தவள் டூலி என்ற இளம் கான்ஸ்டபிள். மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

"ஏம்மா, ஸ்டேஷன்ல ஆம்பளைங்க எல்லாம் லீவா?" என்றான் நெவில்.

"எல்லாரும் மீன் பிடிக்கப் போயிட்டாங்க சார். லாக்கர் எந்த ரூம்ல?"

பின்னறையில், பெட்டகத்துக்கு மேலே சுவரில், கோப்பையோடு நிற்கும் கால்பந்து அணியின் படம். அடியில் பொன் எழுத்தில் 'சாம்பியன்கள் 1987' என்றிருந்தது. டூலியின் கண் அங்கே போனதும் நெவில் நெஞ்சை நிமிர்த்தினான்.

"நடுவுல நிக்கறது நான்தான். கடைசி நிமிஷத்துல கோல் அடிச்சு ஜெயிக்க வெச்சேன். இன்னிக்கும் ஊர் பார்ல யாரை வேணா கேட்டுப் பாரு."

"நான் அப்ப பொறக்கவே இல்லையே சார்," என்று சொல்லிக் குனிந்து, போல்ட்டுகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாள் டூலி. "திறங்க."

நெவில் முதுகால் பொத்தான்களை மறைத்துக்கொண்டு திறந்தான். டூலி ஏழு துப்பாக்கிகளின் எண்களையும் காகிதத்தோடு சரிபார்த்தாள். கதவு மூடியது, உள்ளே போல்ட்டுகள் விழும் சத்தம் கேட்டது. டீத் தட்டோடு லினெட் அறை வாசலில் நின்றிருந்தாள்.

"நல்ல லாக்கர் சார், குறையே சொல்ல முடியாது." டூலி திரும்பினாள். "உங்களுக்கு லைசென்ஸ் இருக்கா மேடம்?"

"அவளுக்கா?" என்றான் நெவில். "மைக்ரோவேவ்ல மணி மாத்தவே நான் வரணும்."

"நான் அவங்களைத்தான் சார் கேட்டேன்."

"இல்லைம்மா," என்றாள் லினெட்.

"சரி. இது எல்லா வீட்டுலயும் கேக்கற கேள்விதான். இந்த லாக்கரோட நம்பர் உங்களுக்குத் தெரியுமா?"

நெவில் லினெட்டைப் பார்த்தான். மேஜைமேல் துணியை விரிக்கும்போது பார்க்கிற அதே பார்வை. அந்த இரண்டு வார்த்தை நாக்கின் நுனிவரை வந்து நின்றது. அதற்கு மேல் அதைத் தள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

லினெட் உள்ளே வந்து தட்டைப் பெட்டகத்தின் மேலேயே வைத்தாள். ஒரு கோப்பைகூடக் கிணுகிணுக்கவில்லை.

"ஒண்ணு, ஒம்பது, எட்டு, ஏழு."