பெட்டிக்குள் ஒரு காளான்

பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா, ஒரு காளான் கதை சொல்கிறேன்.

எது நல்ல காளான், எது விஷம் என்று பார்த்துச் சொல்லும் பரிசோதகர் ஒருவர் சாப்பிட உட்கார்ந்ததும், சில நாளாக முகம் கொடுத்துப் பேசாத அவர் மனைவி ஒரு பெட்டியைத் திறந்து நீட்டினாள்.

“இது என்னன்னு பாருங்க.”

அவர் குனிந்து பார்த்தார். “குடைக்கு அடியில வெள்ளை மடிப்பு. தண்டுல வளையம். அடியில கிண்ணம் மாதிரி உறை. தொடாதே, கொடிய விஷம்.”

“நிச்சயமாவா?”

“ஒரு வாய் போதும். ஏம்மா, யாருக்கு?”

அவள் முகம் மலர்ந்தது. அவர் சாப்பாட்டுத் தட்டை மெல்லத் தள்ளி வைத்தார்.

“அப்பாடா. இது மெழுகுங்க. அறையைச் சாத்திக்கிட்டு இதைத்தான் செஞ்சேன். உங்க கண்ணே ஏமாந்துட்டா, நாளைக்கு அருங்காட்சியகத்துல மெழுகு மாதிரி செய்யற வேலை எனக்கு உறுதி.”

அவர் தட்டை மறுபடி இழுத்துக்கொண்டார்.

உங்கள் வீட்டுத் தட்டுகளும் பயமில்லாமல் நிறையட்டும்.