பக்கத்து நாற்காலி

பள்ளி முடித்து முப்பத்தைந்து வருடம் கழித்து, லிப்ட் மெக்கானிக் முதல்முறையாகப் பழைய மாணவர் கூட்டத்துக்குப் போனார். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் கூட்டம். ஒவ்வொரு தடவையும் வேலை குறுக்கே வந்துவிடும். அவரோடு ஒரே வகுப்பில் படித்த மனைவி, “நீங்க இல்லாம நான் போய் என்ன பண்ண?” என்று அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். இன்றும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவருக்கு வேலை மதியமே முடிந்துவிட்டது.

வாசலில் பழைய வகுப்புத் தலைவன் தோளில் கைபோட்டான். “வாடா! போன தடவை நீ சிரிக்க வச்சதுல இன்னும் வயிறு வலிக்குது.”

“நான் எங்கடா வந்தேன்?”

அவன் போனில் படத்தைக் காட்டினான். நடுவில் அவரேதான் நின்றிருந்தார். அதே நரை, அதே சோடாபுட்டிக் கண்ணாடி. அவர் தோளில் சாய்ந்து மனைவி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததேயில்லை. அந்தக் கூட்டம் நடந்த நாள் முழுக்க அவர் ஊரின் மறுகோடியில் ஒரு லிப்ட் குழிக்குள் வேலையாகக் கிடந்தார்.

உள்ளே, பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து இடம்பிடித்தபடி மனைவி உட்கார்ந்திருந்தாள்.

“படத்துல இருக்கறது யாரு?” என்றார்.

அவள் தலைகுனியவில்லை. “உங்களுக்கு என்னைக்கும் வேலை இருந்துச்சு. அவர் ஒரு தடவைகூட வராம இருந்ததில்ல.”

அவர் உட்காரப் போனார். அவள் கைப்பையை எடுக்கவில்லை.

“கிளம்புங்க. அவர் வர்ற நேரம்.”

வாசலில் ஆரவாரம் எழுந்தது. அவள் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, தலைமுடியைச் சரிசெய்தாள்.