யாருக்கும் காத்திராத செய்தி

டம்பெல் கதவில் இறங்கியது.

வாங்கி வந்த நாளிலிருந்து அவள் கணவன் அதைத் தூக்கி யாரும் பார்த்ததில்லை. இன்றைக்குத்தான் உடற்பயிற்சி.

அவள் மேசையைக் கதவோடு சேர்த்துத் தள்ளினாள். உதடு கிழிந்திருந்தது. இடது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஃபோனை அவன் ஹாலிலேயே மிதித்து நொறுக்கிவிட்டான். மிச்சம், ஆபீஸ் லேப்டாப்.

மேல் கீல் பெயர்ந்தது.

போன தடவை அவன் அடித்தபோது ஒவ்வொருவராகத்தான் உதவிக்குக் கூப்பிட்டாள். முதலில் அம்மாவை. அம்மா யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அந்தப் பதில் வரும்வரை காத்திருந்து, பிறகு நாத்தனாரை. பிறகு எதிர்வீட்டு பத்மாசனி மாமியை. மாமிக்கு அன்றைக்குப் பார்த்துக் காது அடைத்திருந்தது.

சத்தம் கேட்காத வீடு எது? அடுத்த வீட்டுக்காரர் போகட்டும் என்று ஒவ்வொரு வீடும் டிவியைக் கூட்டிவைக்கும். அவனோ குடியிருப்புச் சங்கச் செயலாளர். தண்ணீர் லாரியை வரவழைக்கிறவன்.

ஆபீஸில் வாடிக்கையாளர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் புரோகிராமை அவள்தான் திருத்தி எழுதியிருந்தாள். பழையது ஒருவருக்கு அனுப்பி, பதில் வந்த பிறகே அடுத்தவரிடம் போகும். இவளுடையது ஒரு சின்ன ஃபங்ஷன், நாலைந்து வரி நிரல். எண்ணைக் கொடுத்தால் அனுப்பும், பதிலுக்குக் காத்திராது. வேறெதையும் தொடாது, மாற்றாது. அதனால் எல்லா எண்களையும் ஒரே நேரத்தில் கொடுக்கலாம். ஒன்று போகாவிட்டாலும் மற்றவை நிற்காது.

சங்கத்து எண்கள் எல்லாம் லேப்டாப்பில்தான் இருந்தன. செயலாளர் அவன், டைப் அடிப்பவள் அவள்.

ஒற்றைக் கையால் அடித்தாள். என் வீட்டுக்காரர் என்னை அடித்துக் கொல்கிறார், ஓடி வாருங்கள்.

கொல்கிற நேரத்திலும் மரியாதைக்குக் குறைவில்லை.

என்டர்.

பலகை பிளந்தது. அவன் கை உள்ளே வந்து தாழ்ப்பாளைத் துழாவியது. அவள் லேப்டாப்பை மடக்கி, விளிம்பால் அந்த விரல்கள்மேல் இறக்கினாள்.

ஏதோ முறிந்தது. லேப்டாப் இல்லை. அந்தக் கை வெளியே போனது, மறு கையால் டம்பெல் மறுபடி இறங்கியது.

எதிர்வீட்டில் ஒரு ஃபோன் ஒலித்தது. மாடியில் ஒன்று. கீழே வரிசையாக. ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லோரும் வீட்டில். இந்த வீட்டு ஃபோன் அந்த வீட்டுக்குக் கேட்டது. எனக்கு வரவில்லை என்று எவரும் இனி சாதிக்க முடியாது.

கதவுக்கு வெளியே, அவன் பையிலும் ஒன்று.

அவசரத்தில் அவன் எண்ணை நீக்க மறந்திருந்தாள்.

அடி நின்றது. படிக்கிறான்.

“எல்லாருக்குமா அனுப்பின?”

குரலில் அடித்த களைப்பு இல்லை. பயம்தான் இருந்தது.

படியெங்கும் செருப்புச் சத்தம். அழைப்பு மணி. அவன் அவசரமாகத் தரையைத் துடைப்பது கேட்டது. பிறகு வாசலில் நின்று, அலமாரி சாய்ந்துவிட்டது, வேறொன்றுமில்லை என்று விளக்கினான். மாமி, அப்படியா, என்று இழுத்தாள். யாரோ திரும்பக்கூடத் தொடங்கிவிட்டார்கள்.

யாராவது வந்தால் முகம் கழுவிக்கொண்டு போய் நிற்பதுதான் அவள் வழக்கம். துண்டு நாற்காலியில் இருந்தது.

மேசையை இழுத்தாள்.

துண்டை எடுக்கவில்லை.