ஆயிரம் மீட்டருக்கு மேலே

"சீசன் பாஸ் எடுத்தா எனக்குக் கட்டுபடியாகுமா? நீங்கதான் சொல்லணும், மேடம்."

ஊல்ரிக் என்ற அந்தப் பெரியவர் தொடர்ந்து மூன்றாவது நாளாக இதையே கேட்கிறார். லின்ஸ் நகரத்திலிருந்து வந்து, பக்கத்துத் தெருவில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர். பனிச்சறுக்கு மலையின் அடிவார டிக்கெட் கவுண்டரில் இருந்த ரெசிக்குப் பொறுமை கொஞ்சம் குறைச்சல்தான். ஆனால் அடுத்தவர் விஷயத்தைத் தெரிந்துகொள்ளும் ஆவல் அதற்கும் சேர்த்து இருந்தது.

"பதினஞ்சு நாளாவது மலையில பனிச்சறுக்கு விளையாடினீங்கன்னா லாபம். இல்லேன்னா அறுநூத்தி இருபது யூரோ தண்டம். இந்த விலைகூட இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும்தான். வாங்கிட்டுத் திருப்பியும் தர முடியாது."

"குளிர்காலத்துக்கு விறகு வாங்க வெச்சிருக்கற காசு அது. அதுதான் யோசனையா இருக்கு."

"நீங்க நல்லா சறுக்குவீங்களா?"

"எங்கேருந்து? முட்டி ரெண்டும் ஆபரேஷன் பண்ணினது."

ரெசி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்புறம் எதுக்கு சார் முழு பாஸ்? சும்மா சுத்திப் பாக்கறவங்களுக்குன்னு மலிவா ஒண்ணு இருக்கே. கேபிள் கார்ல நடு ஸ்டேஷன் வரைக்கும் போகலாம். வெயில்ல உக்காந்து சூப் குடிச்சிட்டு வரலாம்."

"நடு ஸ்டேஷன் எவ்வளவு உயரம்?"

"தொள்ளாயிரத்து அறுபது மீட்டர்."

"பத்தாது."

"எதுக்குப் பத்தாது?"

பெரியவர் கையுறையைக் கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

"உச்சி ஸ்டேஷன்?"

"ஆயிரத்து எண்ணூறு. டாக்டர் யாராவது மலைக்காத்து நல்லதுன்னு சொன்னாரா?"

"காத்து எங்கேயும் காத்துதான்."

"அப்போ மேல ஓட்டல்ல சமைக்கிற ரோசா அம்மாவைப் பாக்கவா?" என்று கண்ணைச் சிமிட்டினாள் ரெசி. "எதுக்கும் அந்தம்மா செய்யற கொழுக்கட்டையை ஒரு தடவை தின்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். அதே சமயம் கதவைத் திறந்துகொண்டு, வெளியூரிலிருந்து வந்து உச்சி ஸ்டேஷனில் வேலை பார்க்கும் கிலியன் உள்ளே வந்தான். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"வணக்கம்" என்றார் பெரியவர்.

"வணக்கம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க. சாவி எடுக்கணும்."

எடுத்துக்கொண்டு போயேவிட்டான். யாரைப் பார்த்தாலும் கிண்டலடிக்கும் பையன், இன்று பேங்க் மேனேஜர் மாதிரிப் பேசிவிட்டுப் போகிறானே என்று ரெசிக்கு ஆச்சரியம்.

"ஒரு தடவை மேல போய்ப் பாத்துட்டு முடிவு சொல்றேன். ஒரு டிக்கெட் குடுங்க" என்றார் பெரியவர்.

ரெசிக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. ரொட்டிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, வழித்துணை என்று சொல்லிக்கொண்டு அவளும் கிளம்பினாள். நடு ஸ்டேஷனில் கேபிள் காரிலிருந்து இறங்கி, கம்பியில் ஓடும் தொங்கு நாற்காலிக்கு மாறினார்கள். பெரியவர் காட்சி எதையும் பார்க்கவில்லை. மணிக்கட்டில் இருந்த உயரம் காட்டும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். எண் ஆயிரத்தைத் தாண்டியபோது தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

உச்சியில் இரண்டு சக ஊழியர்களோடு நின்றிருந்தான் கிலியன். பெரியவரைப் பார்த்ததும் அவன் முகம் இறுகியது. நாற்காலியை நிறுத்திவிட்டு ஒரு கணம் தயங்கினான். சக ஊழியர்கள் இருவரும் அவன் வாயையே பார்த்தார்கள்.

"எழுந்திரு" என்றான் கிலியன். "என் தோளைப் பிடிச்சுக்கோ. இந்த முட்டியை வெச்சுக்கிட்டு நீ ஏன் இவ்வளவு தூரம் வந்தே?"

பெரியவர் அவன் தோளைப் பிடித்தபடி இறங்கினார். இறங்கிய பிறகும் கையை எடுக்க மனமில்லாமல் நின்றார். கிலியன்தான் விலகி அடுத்த நாற்காலிக்குப் போனான். பெரியவரின் கண்கள் கலங்கியிருந்தன.

ரெசி பதறிப்போனாள். இவ்வளவு மரியாதையாகப் பேசும் மனிதரை ஒரு பொடியன் ஒருமையில் பேசிவிட்டானே!

"தப்பா எடுத்துக்காதே, ஊல்ரிக்" என்றாள். "பாரு, நானும் இப்போ 'நீ'ன்னுதான் சொல்றேன். நீ லின்ஸ்காரன், உனக்கு எங்க ஊர் வழக்கம் தெரியாது. கீழ, சின்னவங்களோ பெரியவங்களோ, சொந்தக்காரங்க, சிநேகிதங்களுக்கு மட்டும்தான் 'நீ'. மத்தவங்க எல்லாரும் 'நீங்க'. ஆனா ஆயிரம் மீட்டர் தாண்டிட்டா, மந்திரியே வந்தாலும் 'நீ'தான். வாய் தவறி 'நீங்க'ன்னு சொல்லிட்டா, கூட இருக்கறவங்க எல்லாருக்கும் அவன் சாராயம் வாங்கித் தரணும். அதுதான் அந்த ரெண்டு பேரும் அப்படிக் காத்துக்கிட்டிருந்தாங்க. கிலியனுக்கு வேற வழியில்ல."

"தெரியும், ரெசி."

"தெரியுமா? அப்போ கோபமில்லையே?"

"கோபமா?" பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூரத்தில் நின்ற கிலியனையே பார்த்தார். "நான் குளிர்ல விறைச்சாலும் பரவாயில்ல, நீ பாஸை எழுதிடு. வீட்டை விட்டுட்டு நான் லின்ஸுக்குப் போனதுலேர்ந்து பன்னெண்டு வருஷமா என்னை 'நீங்க'ன்னே சொல்லிட்டிருக்கான், நான் பெத்த பிள்ளை."