கீச்சென்று ஒரு சத்தம்

"பிரேக்கை மிதிக்கிறப்பல்லாம் கீச்சுன்னு ஒரு சத்தம் வருது. உங்களுக்குக் கேக்கலையா?"

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஹர்சோயோ மனைவி பக்கம் திரும்பவில்லை. "எனக்கு ஒண்ணும் கேக்கல."

"எனக்குக் கேக்குது. முன்சக்கரத்துப் பக்கம்."

"பேசாம வா விந்தார்த்தி. மத்தியானம் விமானம். அதுக்குள்ள சுரபாயா போய்ச் சேரணும்."

சேரக் கூடாது என்பதுதான் விந்தார்த்தியின் வேண்டுதல். மகள் புஸ்பிதா ஜப்பானில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை கிடைத்து, அங்கே போகச் சுரபாயா விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தாள். பெரியப்பா பார்த்துவைத்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொன்னவள், விடிவதற்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்பியிருந்தாள். "அவளைக் கூட்டிட்டு வந்து உங்க முன்னால நிறுத்தறேண்ணே" என்று ஹர்சோயோ சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்க அண்ணனிடம் சத்தியம் செய்திருந்தார். சொன்ன சொல்லை மாற்றாத மனிதர்.

காரைப் பற்றி விந்தார்த்திக்குத் தெரிந்தது கதவைத் திறப்பதும் மூடுவதும்தான். கீச்சு என்றோ பூச்சு என்றோ எந்தச் சத்தமும் வரவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் ஹர்சோயோவே கேட்டார். "இப்பவும் வருதா?"

"முன்னைக்கு இப்ப அதிகம். ஏதோ தித்திப்பா ஒரு வாசனை வேற."

அவர் பெருமூச்சு விட்டார். "தெரிஞ்சவன் ஒருத்தன் போற வழியில லாவாங் ஊர்ல பட்டறை வெச்சிருக்கான். ஒரு எட்டு காட்டிட்டுப் போயிடலாம். பத்து நிமிஷந்தான்."

பட்டறைக்காரர் கோசிம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். விந்தார்த்தியிடம்தான் கேள்வி கேட்டார்.

"சத்தம் கீச்சுன்னு வருதாம்மா, இரும்போட இரும்பு உரசற மாதிரி கரகரன்னு வருதா?"

விந்தார்த்தி யோசித்தாள். "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"கீச்சுன்னா பிரேக் கட்டை தேய ஆரம்பிச்சிருக்கு, சீக்கிரம் மாத்துன்னு அர்த்தம். கரகரன்னா கட்டை தீந்தே போச்சு. ஒரு அடி ஓட்டக் கூடாது."

"கரகரன்னுதான்" என்றாள் உடனே.

"வாசனை?"

"பாகு காய்ச்சற மாதிரி."

கோசிம் முகம் மாறியது. "அப்ப ரேடியேட்டர் தண்ணி எங்கயோ கசியுது. இதைக் கவனிக்காம ஓட்டினா எஞ்சின் சூடேறி நடுரோட்டுல நின்னுடும். நல்லவேளை சொன்னீங்க."

விந்தார்த்திக்கு உள்ளுக்குள் ஆச்சரியம் தாங்கவில்லை. தான் அளந்துவிட்ட பொய்க்கெல்லாம் வண்டிக்குள் நிஜமாகவே ஒரு நோய் இருக்கிறதே. இது எப்படி? இன்னொன்று சொல்லிப் பார்ப்போமா என்று ஆசை வந்தது.

"வண்டி இடது பக்கமா இழுக்குது" என்றாள்.

"இழுக்கத்தானே செய்யும்" என்றார் கோசிம். சக்கரங்களைக் கழற்றி வரிசையாகச் சாய்த்து வைத்தார்.

பக்கத்துக் கடையிலிருந்து காப்பியும் பச்சை மிளகாயோடு சூடான தெம்பே என்ற சோயாக் கட்டி வறுவலும் வந்தன. ஹர்சோயோ எதையும் தொடாமல் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. அண்ணன்.

"வண்டி படுத்துடுச்சுண்ணே. பிரேக் போச்சு, தண்ணி ஒழுகுது... வாடகை வண்டியா? நாலு சக்கரத்தையும் கழட்டிப் போட்டிருக்கான், இதை அநாதையா விட்டுட்டு நான் எங்க போறது?"

அந்த நேரம் பார்த்து கோசிம் சுத்தியலால் டங்கு டங்கென்று அடிக்க ஆரம்பித்தார். விந்தார்த்தி எட்டிப் பார்த்தாள். மூலையில் கிடந்த துருப்பிடித்த பழைய சக்கரம் ஒன்றை அடித்துக்கொண்டிருந்தார். அது இவர்கள் வண்டியுடையதே இல்லை. எதற்கு இதை அடிக்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. என்னவோ தொழில் நுணுக்கம் என்று விட்டுவிட்டாள்.

வெயில் உச்சிக்கு ஏறியது. விந்தார்த்தியின் போன் மடியில் சின்னதாக அதிர்ந்தது. 'விமானத்துல ஏறிட்டேம்மா. கதவைச் சாத்திட்டாங்க. அப்பா கோவமா இருக்காரா?'

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனை முந்தானைத் துணிக்குள் ஒளித்தாள். ஹர்சோயோ அவளைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார். ஆறிப்போன காப்பியை ஒரே மடக்காகக் குடித்துவிட்டு, முகம் கழுவப் பின்பக்கம் போனார்.

கோசிம் சக்கரங்களைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார். பழைய கட்டை, புதுக் கட்டை, குழாய் எதுவும் அங்கே கண்ணில் படவில்லை. விந்தார்த்தியால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. அருகில் போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, உண்மையைச் சொல்லிடறேன். எனக்குச் சத்தமும் கேக்கல, வாசனையும் வரல. எல்லாம் நானா சொன்னது. அப்புறம் எப்படி நீங்க எல்லாத்தையும் கண்டுபிடிச்சீங்க?"

கோசிம் கடைசி நட்டை இறுக்கிவிட்டு, பின்பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"உங்க வண்டிக்கு ஒரு குறையும் இல்லம்மா. சொல்லக் கூடாதுன்னாரு, இப்பத்தான் விமானம் போயிடுச்சே... காலையில கிளம்பறதுக்கு முன்னாடியே ஐயா எனக்குப் போன் பண்ணிட்டாரு. 'வர்ற வழியில என் வீட்டுக்காரி வண்டிக்கு ஏதாவது கோளாறு சொல்லுவா. அவ என்ன சொன்னாலும் ஆமான்னு சொல்லி, விமானம் கிளம்பற வரைக்கும் வண்டியை விடாதே. அவளுக்கு ஒண்ணும் தோணலைன்னா, நானே ஏதாவது சொல்லிக்கிறேன்'னாரு."