நாலு பாட்டில் ஒயிட் சிமென்ட்

மார்ச் இருபத்திரண்டு, ஞாயிறு காலை பத்து மணி. மூன்றாவது மாடி வீட்டின் சமையல் மேடையில் ஆறு சத்து பவுடர் பாட்டில்கள் வந்து இறங்கின.

"எதுக்குடா ஆறு? ஊருக்கே கலக்கிக் குடுக்கவா?" என்றார் அப்பா.

"இந்த மாசம் மட்டும் மூணு தடவை போன் பண்ணி, பாட்டில் காலின்னு சொல்லிட்டீங்க. ஒரு பாட்டில் ஒரு மாசம் வரணும்ப்பா. டாக்டர் ஸ்பூன் கணக்குதானே சொன்னாரு, கரண்டிக் கணக்கா?"

"ருசியா இருக்கு, குடிச்சுடறேன்."

"குடிச்ச லட்சணம்தான் தெரியுதே. உங்க சட்டைக்குள்ள இன்னொருத்தர் நுழையலாம்."

அம்மா போனபின் இரண்டு வருடமாக இதுதான் ஏற்பாடு. பாட்டில் காலியானால் அப்பா போன் செய்வார். மகன் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்து, புதியதைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவான்.

"இனி செப்டம்பர் வரைக்கும் கவலையில்ல" என்றான் மகன்.

"செப்டம்பரா..." அப்பா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். பிறகு அவசரமாக, "வாயேன், புதுசா ஒண்ணு பண்ணியிருக்கேன். பாத்துட்டுப் போ" என்றார்.

முப்பது வருடம் பிளம்பராக இருந்த கை. காலி பாட்டில்களின் மூடிகளை அலமாரிப் பலகைக்கு அடியில் ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தார். மூடியோடு பாட்டில்கள் பலகையிலிருந்து தொங்கின. ஒரு திருகு திருகினால் கையோடு வந்துவிடும். ஒன்றில் வாஷர்கள், ஒன்றில் பழைய சாவிகள், ஒன்றில் அம்மா சேர்த்து வைத்த பட்டன்கள்.

"வௌவால் மாதிரி தொங்குது" என்று சிரித்தான் மகன். "அந்தக் கடைசி நாலுல என்ன?"

"ஒயிட் சிமென்ட்."

"நாலு பாட்டிலா? இன்னொரு மாடி எழுப்பப் போறீங்களா?"

"கிடக்கட்டுமே, சோறா கேக்குது?"

"மஞ்சளா இருக்கேப்பா."

"பழசு. நீ உக்காரு, காபி போடறேன்."

"பதினொன்றரை பஸ்ஸைப் பிடிக்கணும்."

"உக்காந்தா பஸ் கோவிச்சுக்குமா?"

மகன் கை கழுவக் குளியலறைக்குப் போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"நல்லா இருக்கு, பிளம்பர் வீட்டு டைல்ஸ் இடுக்குலயே தண்ணி இறங்குது! கால் மணி நேர வேலை. நானே அடைச்சுட்டுப் போறேன்."

"வேணாம்டா! நான் பாத்துக்கறேன்."

"இந்த முட்டி வலியோட குனிஞ்சா?"

அப்பா எட்டி வருவதற்குள் மகன் கடைசிப் பாட்டிலைத் திருகி எடுத்துவிட்டான்.

குளியலறையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மக்கில் இரண்டு பிடி போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குழைத்தான். இறுகவில்லை, நுரைத்தது. பினாயில் நெடியையும் மீறி வெனிலா வாசனை எழுந்தது.

மகன் நிமிர்ந்து பார்த்தான். அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்.

"வீணாக்கலடா" என்றார். "எல்லாம் பத்திரமாத்தான் வச்சிருக்கேன்."

மகன் மக்கைக் கழுவிக் கவிழ்த்தான். சமையல் மேடையில் இருந்த ஆறு பாட்டில்களையும் திரும்பத் தன் பைக்குள் வைத்தான்.

"முதல்ல அந்த நாலையும் குடிச்சு முடிங்க" என்றான். "காபி போடுங்க."

பதினொன்றரை பஸ் போய்விட்டது. அடுத்த ஞாயிறு, போன் எதுவும் வராமலே, ஒரு கிலோ ஒயிட் சிமென்ட்டோடு வந்தான்.