ஐந்தாவது குழாய்

"நாலாவதும் போச்சும்மா! குழாய் செய்யற லட்சணமா இது?"

தொலைபேசியின் மறுமுனையில் ஓர் இளம்பெண்ணின் குரல் தயங்கியது. "சார், ஒரு நிமிஷம்..."

"முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க! உலோக வளையம் மாட்டிச் சூடேத்தினா உங்க பீங்கான் உடையுது!"

பொறியாளர் பொதுவாகச் சத்தம் போடுகிறவர் இல்லை. ஆனால் அன்று அவர் மேசையில் நான்கு பீங்கான் குழாய்கள் துண்டு துண்டாகக் கிடந்தன. அவருடைய குழு மூன்று வருடமாக உருவாக்கிவரும் ரசாயன உலைக்கு அவைதான் உயிர். உலைக்குள் வாயுக்கள் வினைபுரியும்போதே ஹைட்ரஜன் மட்டும் குழாயின் சுவர் வழியாகக் கசிந்து வெளியேறும். மற்றவை உள்ளேயே நிற்கும். தயாரிப்புக்கு ஒன்று, பிரிப்புக்கு ஒன்று என்று இரண்டு இயந்திரம் தேவையில்லை. குழாய் உடையாமல் இருந்தால்!

"அஞ்சாவதும் உடைஞ்சா திட்டத்தையே மூடிடுவாங்கம்மா. ஆறு பேருக்கு வேலை போயிடும். அதுல ஒருத்தனுக்கு இப்பதான் குழந்தை பிறந்திருக்கு..."

அவள் மெதுவாகக் கேட்டாள்.

"எங்க உடையுது சார்? உலோகமும் பீங்கானும் சேர்ற இடத்துலயா?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆமா! எப்படித் தெரியும்?"

"எனக்கும் ஆரம்பத்துல அங்கதான் விரிசல் விடும். சூட்டுல ரெண்டும் ஒரே அளவு விரியணும். உங்க உலோகம் அதிகமா விரியுதுன்னு நினைக்கிறேன், அதை மாத்திப் பாருங்க. அப்புறம்... சூடு ஆறுறதுக்குள்ள திறந்து பார்த்தீங்களா?"

"அது வந்து... ஒரு ஆர்வத்துல..."

"திறக்காதீங்க சார். தானா ஆறட்டும்."

பொறியாளர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். குழாயின் முனையில் இருந்த எஃகு வளையத்தை எடுத்துவிட்டு, பீங்கானோடு ஒத்துப்போகும் கலப்பு உலோகத்தில் புதிதாகச் செய்தார்கள். இடையில் மூன்று முறை அதே எண்ணுக்குப் பேசினார். அவளும் சலிக்காமல் பதில் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள்.

ஐந்தாவது குழாய் சூடேறியது, ஆறியது, மறுபடியும் சூடேறியது. நாற்பது நாளாகியும் ஒரு கீறல் இல்லை. திட்டம் தொடரலாம் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்த அன்று, அவர் முதலில் கூப்பிட்டது அவளைத்தான்.

"உங்களை நேர்ல பார்த்து நன்றி சொல்லணும்மா. முகவரி சொல்லுங்க."

"அதெல்லாம் எதுக்கு சார்?" என்று மழுப்பினாள். அவர் விடவில்லை.

மறுநாள் இனிப்புப் பெட்டியோடு படியேறினார். பெரிய தொழிற்சாலையை எதிர்பார்த்துப் போனவருக்கு ஒரே ஓர் அறைதான் கிடைத்தது. கைக்கு அடக்கமாக ஒரு மின் உலை. பக்கத்தில் மெல்லிய தூரிகைகள்.

"இதுக்குள்ள எப்படிம்மா அவ்வளவு நீளக் குழாயைச் சுடறீங்க?"

"குழாயா? நான் அதைக் கண்ணாலகூடப் பார்த்ததில்ல சார். அன்னிக்கு 'ராங் நம்பர்'னு சொல்லத்தான் வாயெடுத்தேன், நீங்க விட்டாத்தானே!" என்று சிரித்தவள், உலையிலிருந்து எடுத்து ஆறவைத்திருந்த தட்டை அவர் பக்கம் திருப்பினாள்.

அதில் வரிசையாக, உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய பதினாறு செயற்கைப் பற்கள் பளபளத்தன.